உள்ளே விட்ட துணி

மே 3

அன்புள்ள குட்டிக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். நம் ஆட்டக் குழு போய்ச் சேர்ந்ததும், வெளிநாட்டு மேடையில் முதல் ஆட்டம் நன்றாக நடந்ததும் மேளக்காரர் மனைவி சொல்லித்தான் தெரிந்தது. எனக்கு ஒரு வரி எழுத உனக்குக் கை வரவில்லை.

போட்டோ பார்த்தேன். வலது பக்கம், என் இடத்தில், என் சிவப்பு உடுப்பில் நிற்கிறாய். கால் முறிந்தது எனக்கு; இடத்தை நானேதான் கொடுத்தேன். ஆனால் என் ரவிக்கை உனக்கு எப்படி இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது? பெட்டி கட்டும்போது என்ன சொன்னேன்? "ஊசி மட்டும்தான், கத்தரி கூடாது." துணியை உள்ளே மடித்துப் பிடித்துத் தை, பிறகு நான் பிரித்துக்கொள்கிறேன் என்றேனா இல்லையா?

அக்கா

மே 14

அன்பு அக்காவுக்கு,

எடுத்த எடுப்பிலேயே இப்படியா திட்டுவது? ஓர் அறையில் நாலு பேர். குளியலறைக் கம்பி முழுக்கப் பாவாடைகள். ஈரம் காயாமலே கட்டிக்கொண்டு மேடையேறுகிறோம். இதில் எங்கே கடிதம் எழுத?

ரவிக்கையைப் பிடித்துத்தான் தைத்தேன், சத்தியமாக. என் பச்சை உடுப்பையா எடுத்து வர முடியும்? வலது பக்கம் என்றால் டான்ஸ் மாஸ்டருக்குச் சிவப்புதான். "உனக்குன்னே தைச்ச மாதிரி இருக்கும்மா" என்றார். நான் என்ன செய்ய?

உன் குட்டி

ஜூன் 20

குட்டி,

மாவுக்கட்டு பிரித்துவிட்டார்கள். நேற்று மொட்டைமாடியில் ஆடினேன். "கட்டடம் விழுந்துடும்மா!" என்று கீழ்வீட்டுக்காரர் கத்துகிற அளவுக்குக் கால் தேறிவிட்டது.

மாஸ்டருக்குப் போன் போட்டேன். "உனக்கு இனி ஆட விருப்பமில்லைன்னு தங்கச்சி சொன்னாளே?" என்கிறார். எப்போதடி சொன்னேன்? உனக்கு உடுப்பைத்தான் கொடுத்தேன், என் வாயையும் சேர்த்தா கொடுத்தேன்?

அக்கா

ஜூலை 1

அக்கா,

விழுந்த அன்று ஆஸ்பத்திரியில், "இனி என்னால ஆட முடியாதுடி" என்று நீ அழவில்லையா? அதைத்தான் சொன்னேன். இத்தனை வருஷம் இடது பக்கம் நின்று உன்னைப் பார்த்துப் பார்த்தே ஆடினேன். எனக்கும் ஆசை இருக்காதா?

இங்கே புது உடுப்பு தந்துவிட்டார்கள். உன்னுடையதை ஊர் திரும்பும் மேளக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். பிரித்துப் போட்டுக்கொள். கோபம் தீரட்டும்.

குட்டி

ஜூலை 13

தங்கைக்கு,

ரவிக்கை வந்தது. தையலைப் பிரித்தேன். உள்ளே துணி இல்லை. இரண்டு பக்கமும் வெட்டி, ஓரத்தைப் பொறுமையாக மடித்துத் தைத்திருக்கிறாய். அவசரத்தில் செய்த வேலை இல்லை அது. நான் திரும்பி வரக் கூடாது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்து செய்த வேலை. வலியில் அழுதவள் பேச்சைப் போய் மாஸ்டரிடம் சாட்சியாகச் சொன்னவள்தானே நீ.

உன் பச்சை உடுப்பு அலமாரியில் இருந்தது. நீ குழுவில் சேர்ந்தபோது நான் தைத்தது. வளர்கிற பெண்ணாயிற்றே என்று உள்ளே தாராளமாகத் துணி விட்டிருந்தேன். உனக்கு அது தேவைப்படவே இல்லை. இன்று எல்லாவற்றையும் பிரித்துவிட்டுத் தைத்தேன். எனக்குச் சரியாக இருக்கிறது.

வேறொரு குழுவில் ஆள் கேட்கிறார்கள். வலது பக்கம் பச்சையில் ஆடலாமா என்றேன். "ஆடத் தெரியுமா, அதைச் சொல்லும்மா" என்றார்கள். நாளை போகிறேன்.

வீட்டுச் சாவி கீழ்வீட்டில் இருக்கும். சிவப்பு ரவிக்கையை உன் கட்டில்மேல் வைத்திருக்கிறேன். அது இனி உன் அளவுதான்.