பெரிய வியாழன் பூசைக் கருத்து

மயிலாப்பூர்
12.4.2025, சனி மாலை

அன்புள்ள அண்ணா,

அம்மா இன்று இரண்டு முறை கேட்டாள், ரிப்போர்ட் வந்ததா என்று. வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. கணையத்தில் இருப்பது புற்றுநோய் என்று சொல்லவில்லை. மூன்றாவது முறையும் கேட்டுவிடுவாளோ என்று பயந்து, துணி எடுக்கப் போகிறேன் என்று மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். கொடியில் துணியே இல்லை.

நந்தனம் ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் உறையை வாங்கி, பேருந்து நிறுத்தத்திலேயே பிரித்தேன். அம்மா இளைத்ததற்குத் தவக்காலத்தைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம், ஒரு வேளைதானே சாப்பிடுகிறாள் என்று. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முன்பே அவள் வளையல் முழங்கை வரை ஏற ஆரம்பித்திருந்தது. நான் பார்த்தும் பார்க்கவில்லை.

நாளை குருத்து ஞாயிறு. இயேசுவின் பாடுகளை வாசிப்பார்கள். சின்ன வயதில் ஆணி அடிக்கும் இடம்தான் எனக்குப் பயம். இப்போது தோட்டத்தில் அவர் தரையில் விழுந்து, இது என்னை விட்டு நீங்காதா என்று கெஞ்சுகிற இடம். இன்னும் யாரும் தொடக்கூட இல்லை, அதற்குள் வேர்க்கிறது.

சொல்லட்டுமா, வேண்டாமா? போனில் பேசினால் அவள் காதில் விழும். மெயிலில் எழுது.

உன் ஷெரி

தோஹா
14.4.2025

ஷெரிக்குட்டி,

ஈஸ்டர் முடியட்டும். அதுவரை வாயே திறக்காதே. பெரிய வாரத்தில் சொன்னால் அம்மா தாங்க மாட்டாள். தாங்க முடியாதது எனக்குத்தானோ, தெரியவில்லை. அப்பாவை வைத்திருந்த ஆஸ்பத்திரி வாசனை இன்னும் மூக்கிலேயே நிற்கிறது.

என்னால் முடிந்த ஒன்றைச் செய்தேன். நம் பங்குக் கோயில் இணையதளத்தில், பெரிய வியாழன் பூசையில் அம்மாவுக்காக வேண்டச் சொல்லிக் கருத்துக் கொடுத்திருக்கிறேன். ‘விவரம்’ என்ற கட்டத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சாமியார் மட்டும்தானே பார்ப்பார்? நான் பூசைக்கு உதவிய காலத்தில் அவர் மனதுக்குள்தான் வேண்டிக்கொள்வார். நீ பயப்படாதே.

ஃபிரெட்ரிக்

மயிலாப்பூர்
18.4.2025, பெரிய வெள்ளி

அண்ணா,

இப்போதெல்லாம் கருத்துகளை மைக்கில் வாசிக்கிறார்கள். ஒன்பது வருடமாக நீ இங்கே இல்லை. இங்கேயே இருக்கும் எனக்கும் உன் கடிதத்தைப் படித்தபோது உறைக்கவில்லை.

நேற்று பூசை தொடங்குமுன் ஒரு பெண் வாசித்தாள்: “கணையப் புற்றுநோயால் துன்புறும் டோரதி பிலிப் அவர்களுக்காக, அவர்களுக்கு இன்னும் தெரியாது, மகன் ஃபிரெட்ரிக், தோஹா.” ஒரே மூச்சில். அடுத்தது யாருக்கோ விசா கிடைக்க.

பக்கத்தில் இருந்த ஆரோக்கியமேரி அக்கா, “டீச்சர், உங்க பேரச் சொல்லுதே, இன்னா ஆச்சு?” என்றார். அம்மா பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பக்கம் தேடினாள். சாமியார் பன்னிரண்டு பேர் பாதம் கழுவி முடியும்வரை தேடிக்கொண்டே இருந்தாள். ஆட்டோ லஸ் முனையில் திரும்பும்போதுதான் பேசினாள். “நல்லா வாசிக்குது அந்தப் பொண்ணு. எழுத்து ஒண்ணு பிசகல.”

இன்று, இயேசு உயிர்விட்டார் என்று வாசித்ததும் எல்லோரும் முழந்தாளிட்டோம். பிறகு எல்லோரும் எழுந்தார்கள். அம்மா எழவில்லை. அவள் தோளைத் தொட எனக்குப் பயமாக இருந்தது.

வெளியே கஞ்சி வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்ததும் சொன்னாள்:

“தோட்டத்துல அவர் என்னடி பண்ணார்? உயிரே போற மாதிரி இருக்குன்னு கூட்டாளிங்ககிட்ட வாய்விட்டுச் சொன்னார். கூட இருங்கடான்னு கேட்டார். அவங்க தூங்கிட்டாங்க, அது வேற. கேக்கவாவது முடிஞ்சுதில்ல? நீங்க ரெண்டு பேரும் என்னைப் பயப்படவே விடல.”

கஞ்சிக் கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டாள். அம்மா பயந்து நான் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து ரிப்போர்ட்டை முழுக்க வாசித்துக் காட்டினேன். டாக்டரிடம் அவளே போனில் பேசினாள். 28, திங்கள் காலை ஆபரேஷன். பிழைக்காமல் போவதும் உண்டா என்று கேட்டாள். உண்டு என்றார்.

உனக்குச் சொல்லச் சொன்னாள்: “அவனை வேண்டிக்க வேணாம்னு சொல்லு. வந்து உக்காரச் சொல்லு.”

ஷெரி

தோஹா
24.4.2025

ஷெரி,

டிக்கெட் போட்டேன். ரத்து செய்தேன். மறுபடி போட்டிருக்கிறேன், ஞாயிறு விமானம். ஊருக்கே மைக்கில் சொல்லவைத்துவிட்டு எப்படி அவள் முகத்தைப் பார்ப்பேன்? நான் வராவிட்டால் லீவு கிடைக்கவில்லை என்று சொல். அது பொய் என்று உனக்கு மட்டும் தெரியட்டும்.

ஃபிரெட்ரிக்

மயிலாப்பூர்
29.4.2025

அண்ணா,

நேற்றிலிருந்து நீ போனை எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நேற்று ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகுமுன் அம்மா, “வந்துட்டானா?” என்று கேட்டாள். “வரலம்மா” என்றேன். லீவு என்று சொல்லவில்லை. “பயந்துட்டான். சின்னதுலயே கரண்ட் போனா என் முந்தானையத்தான் புடிப்பான். திட்டாத அவனை” என்றாள்.

பிறகு என் விரல்களை இறுக்கிக்கொண்டு, “எனக்கும் பயமா இருக்குடி” என்றாள். கூட இருக்கிறேன் என்றேன். கதவு வரை அவள் என் கையை விடவில்லை. அதற்கப்பால் நர்ஸ் என்னை விடவில்லை. வெளியே நான் தூங்காமல்தான் இருந்தேன்.

நேற்று பகல் இரண்டு இருபதுக்கு அம்மா இறந்துவிட்டாள். நாளை மாலை நான்கு மணிக்கு அடக்கம். பூசைக் கருத்தை நானே எழுதிக் கொடுத்தேன். பெயரை மட்டும் வாசிப்பார்கள்.

ஷெரில்