அக்கா மகளின் முதல் ஆட்டம்

அன்புள்ள அக்கா,

எங்கள் ஊர்க் கல்லூரிப் பெண்கள் வாலிபால் அணியின் ஆட்டம் ஒன்றைக்கூட நான் விடுவதில்லை. இந்த வருஷம் அணியில் புதிதாகச் சேர்ந்தவர்களில் உன் மகளும் ஒருத்தி என்று அத்தை சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

நேற்று அவளுடைய முதல் ஆட்டம். சர்வீஸ் போடும் முன் உன்னைப் போலவே நாக்கைக் கடித்துக்கொண்டாள். பந்து நேராக வலையில் போய் விழுந்தது. எங்கள் ரசிகர் கூட்டத்துக்குத் தலைவர் போல இருக்கும் பேக்கரிக்காரர், "இந்தப் புதுப் பொண்ண யாருப்பா எடுத்தது?" என்று முணுமுணுத்தார்.

நான் எழுந்தே விட்டேன். "அவ என் அக்கா பொண்ணு! இப்பப் பாருங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். நாம் பேச்சை நிறுத்தி இத்தனை வருஷம் கழித்து வாய் நிறைய 'அக்கா' என்று சொல்லியிருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கடைசிப் பாயிண்ட்டை அவள்தான் அடித்தாள். பேக்கரிக்காரர் என்னைவிட உயரமாகக் குதித்தார்!

ஆட்டம் முடிந்ததும் வேர்வையோடு ஓடிவந்தாள்.

"நீங்க சித்திதானே? அம்மா மாதிரியே கத்துறீங்க!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

சனிக்கிழமை அடுத்த ஆட்டம். அவளுக்காகக் கத்த நான் ஒருத்தி போதாது. நீயும் வா.

உன் தங்கை