போர்வையில் இல்லாத பெயர்

மின்னசோட்டா
புதன்கிழமை, 1956 மார்ச் 14

அன்பு மகள் வெர்னாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் பனியில் வழுக்கி விழுந்த என் வலது மணிக்கட்டு இன்னும் மாவுக்கட்டில்தான் இருக்கிறது, அதனால் போன கடிதத்தைப் போலவே இதையும் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை மார்லிஸ் எழுதுகிறாள். அலாஸ்காக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். நீ தண்ணீர் வாளியைத் தூக்குவதாக எழுதியிருந்தாய், தூக்காதே, மாப்பிள்ளை எதற்கு இருக்கிறார். செவலைப் பசு போன ஞாயிறன்று கிடாரிக் கன்று போட்டது. அப்பாவுக்கு அதில் ஒரே பெருமை, பார்க்கிறவர்களிடம் எல்லாம் கன்றைப் பற்றிச் சொல்லிவிட்டு, "கை ஒடிஞ்சதுல ஒரு நல்லது நடந்திருக்கு, எங்க வீட்டுக்காரி இப்ப ஒரு கையாலதான் அதிகாரம் பண்றா" என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

நம் மகளிர் சங்கக் கிளையின் காப்பி விருந்து சென்ற சனிக்கிழமை சர்ச் மண்டபத்தில் நடந்தது, கூட்டம் நன்றாக வந்தது, எலுமிச்சைக் கேக் ஒரு துண்டு மிஞ்சவில்லை. மாவட்ட மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் புதுக் கட்டில்கள் வாங்கத்தான் இந்த வருடம் நிதி திரட்டுகிறோம். அதற்காகப் பெயர்ப் போர்வை ஒன்று செய்தோம், நீ சிறுமியாக இருந்தபோது செய்தோமே, அதேபோல. பத்து சென்ட் கொடுத்தால் ஒரு பெயர், மார்லிஸும் மற்றப் பள்ளிப் பெண்களும் வீடு வீடாகப் போய்ச் சீட்டில் பெயர் எழுதி வாங்கி வந்தார்கள், அல்மா ராஸ்க் அம்மாள் அத்தனை பெயரையும் சிவப்பு நூலில் தைத்தார், கட்டத்துக்குப் பன்னிரண்டு பெயர், வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் மாதிரி. வருகிற வாரம் டிக்கெட் விற்றுக் குலுக்கல், பெயர் விழுகிறவருக்குப் போர்வை. நான் கிளைத் தலைவி என்பதால் போர்வை இப்போது நம் முன்னறையில்தான் இருக்கிறது.

விருந்தில் ஒரு சங்கடம் நடந்துவிட்டது. ரயில் பாதைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் குட்ரன் ட்வெட் வந்திருந்தாள், அவள் மகன் ஆர்விட் பெட்ரோல் பங்க்கில் திருடிச் சிறைக்குப் போனதற்குப் பிறகு அவள் மண்டபத்துக்குள் கால் வைத்தது அன்றுதான். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தடவித் தடவி எல்லாப் பெயரையும் படித்தாள். கடைசியில் என்னிடம் வந்து, "என் பையன் பேரக் காணோம் செல்மா, நான் சீட்டு எழுதிக் குடுத்தேனே" என்றாள். கடைசிக் கட்டத்தில் பதினோரு பெயர்தான் இருக்கிறது, ஒரு ஆரம் வெறுமையாக இருக்கிறது. சீட்டை ராஸ்க் அம்மாளிடம் கொடுத்தாய்தானே என்று மார்லிஸைக் கேட்டேன், கொடுத்தேன் என்று தலையாட்டினாள். பாவம், ராஸ்க் அம்மாளுக்கு எழுபத்தெட்டு ஆகிறது. "கொழந்த குடுத்தேங்குது, அப்ப குடுத்துத்தான் இருக்கும். எனக்குத்தான் புத்தி மழுங்கிப்போச்சு" என்று சொல்லி, சங்கச் சின்னம் பொறித்த ஊக்கைச் சட்டையிலிருந்து கழற்றி, தைக்கும்போது மாட்டிக்கொள்ளும் விரல் கவசத்தோடு சேர்த்து என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது. டுலூத் நகரத்திலிருந்து அவர் மகன் இந்தச் சனிக்கிழமை வந்து அவரை அங்கே ஒரு முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப்போகிறானாம், இனித் தனியாக விட முடியாது என்கிறானாம். மார்லிஸ் கொட்டாவி விடுகிறாள், மீதியை நாளைக் காலையில் சொல்கிறேன்.

அக்கா, இதுவரை அம்மா சொன்னது. இனி எழுதுவது நான். எல்லோரும் படுத்துவிட்டார்கள், நான் என் கட்டிலில் போர்வைக்குள் டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். கடைசிப் பத்தியை அம்மா சொன்னபோது என் பேனா இரண்டு முறை நின்றது, மை தீர்ந்துவிட்டது என்று பொய் சொன்னேன். நான் அந்தச் சீட்டைக் கொடுக்கவில்லை. அது என் புவியியல் புத்தகத்தில் இருக்கிறது.

பிப்ரவரியில் நானும் ஜாய்ஸ் லுண்டும் ட்வெட் அம்மாள் வீட்டுக்குப் போனோம். அந்த வீட்டை விட்டுவிடலாம் என்றுதான் ஜாய்ஸ் சொன்னாள், ஆனால் அவர் சன்னல் வழியாக எங்களைப் பார்த்துவிட்டார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, பிஸ்கட் கொடுத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் பேனாவைத் தொட்டார். ஆர்விட் ட்வெட் என்று மெதுவாக எழுதினார். சீட்டை என் கையில் கொடுக்கும்போது, "ஓரத்துல இருந்தாலும் பரவாயில்லம்மா, இருந்தாப் போதும்" என்றார். வெளியே வந்ததும் ஜாய்ஸ், "எங்க தாத்தா பேருக்குப் பக்கத்துல அந்தத் திருட்டுப்பய பேரா? ராத்திரியோட ராத்திரியா தாத்தா பாக்கெட்டத் துழாவிடுவான்டி" என்றாள். நான் சிரித்தேன். அக்கா, பயந்து சிரிக்கவில்லை, உண்மையாகவே வாய்விட்டுச் சிரித்தேன், வாயில் அவர் கொடுத்த பிஸ்கட் இருந்தது. "கிழிச்சுப் போடுடி, யாருக்குத் தெரியப்போவுது" என்றாள். கிழிக்கவில்லை. புத்தகத்துக்குள் வைத்தேன். நாளைக்குக் கொடுக்கலாம், நாளைக்குக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன், ஆனால் கொடுத்தால் ஜாய்ஸ் வகுப்பு முழுவதும் சொல்லிச் சிரிப்பாளே என்று தள்ளிப்போட்டேன்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. மற்றச் சீட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று ராஸ்க் அம்மாள் கேட்டார். சீட்டுகளை எண்ணிவிட்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இவ்வளவுதானா கண்ணு? ஒரு ஆரம் காலியா நிக்குதே, யாரு பேராச்சும் விட்டுப்போச்சா?" என்று கேட்டார். இவ்வளவுதான் என்றேன். விருந்தில் அம்மா என்னைக் கேட்டபோது அவர் பக்கத்தில்தான் நின்றார். என்னையே பார்த்தார். என்னிடம் கேட்டது அவருக்கு நினைவு இருந்தது அக்கா, அவர் முகத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்தது. நான் தலையாட்டினேன். அப்போதும் அவர் என்னைச் சந்தேகப்படவில்லை, தன் நினைவைத்தான் சந்தேகப்பட்டார். அன்றிலிருந்து தபால்காரர் பெயரைக்கூட இரண்டு முறை கேட்டுத்தான் சொல்கிறாராம், தப்பாகிவிடுமோ என்ற பயமாம். அப்பா இன்று அதைச் சாப்பாட்டு மேசையில் சொன்னார்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் முன்னறைக்குப் போய்ப் போர்வையை விரித்தேன். நானே அந்தப் பெயரைத் தைத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. சிவப்பு நூலை ஊசியில் கோத்துவிட்டேன். அப்புறம்தான் யோசித்தேன், நாளைக்குப் பெயர் அங்கே இருந்தால், கிழவி தைத்ததையே மறந்துவிட்டாள், பெயர் கண்ணெதிரே இருந்தும் தெரியவில்லை, முற்றிவிட்டது என்றுதானே எல்லோரும் சொல்வார்கள். ட்வெட் அம்மாளுக்கு மகன் பெயர் கிடைத்துவிடும், ராஸ்க் அம்மாளுக்கு இருந்த கொஞ்சமும் போய்விடும். போர்வையை மடித்துவிட்டேன்.

உனக்கு எழுதி, காலையில் அம்மா சொல்வதை வேறு தாளில் எழுதிக்கொண்டு, இந்தத் தாளையும் தெரியாமல் உறைக்குள் வைத்து ஒட்டிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். யாரிடமாவது சொன்னால் போதும் என்று இருந்தது. இப்போது நாளை எண்ணிப் பார்க்கிறேன். இது உன் கைக்கு வர ஒன்பது நாள் ஆகும். சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான். உன்னிடம் சொன்னால் எனக்கு மட்டும்தான் பாரம் குறையும், அவர் டுலூத்தில் ஒரு கட்டிலில் உட்கார்ந்துகொண்டு தன் புத்தி போய்விட்டதாக நம்பிக்கொண்டிருப்பார். எனக்கு அம்மாவை நினைத்தால் பயமாக இருக்கிறது. அடிப்பாள் என்று இல்லை, அம்மா எப்போது அடித்தாள். அத்தனை பேர் முன்னால் என் பேச்சை நம்பினாளே, அதுதான். வாயால் சொல்லப் போனால் எனக்குக் குரல் வராது, மறுபடியும் தலையாட்டிவிடுவேன். அதனால் இந்தத் தாள்களையும் அந்தச் சீட்டையும் அம்மாவின் காப்பிக் கோப்பைக்கு அடியில் வைக்கப் போகிறேன். முதலில் எழுந்திருப்பது அம்மாதான். கீழே அம்மாவுக்காக இடம் விட்டிருக்கிறேன். என்ன சொல்லி எழுதச் சொல்வாளோ தெரியவில்லை. என்னை வெறுத்துவிடாதே அக்கா.

மார்லிஸ்

வெர்னா, இது அம்மா, இடது கை. மெதுவாகப் படி. சீட்டைப் பார்த்தேன், இவள் எழுதியதையும் படித்தேன், காப்பி ஆறிவிட்டது. இவள் கோட்டை மாட்டிக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறாள், நான் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்னால் நான் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு வருத்தமாகிவிட்டது என்று மேலே எழுதச் சொன்னேன். அது பாதிதான். அந்தப் பெயர் போர்வையில் இல்லை என்றதும் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, நாலு பேர் முகம் சுளிப்பார்களே, குலுக்கல் டிக்கெட் விலைபோகாதே என்ற கவலை விட்டது. அதனால்தான் இவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், அதுவும் தலையாட்டினால் போதும் என்கிற மாதிரிக் கேள்வி. பிள்ளை என்னைப் பார்த்துத்தான் கற்றிருக்கிறாள்.

இப்போதே ராஸ்க் அம்மாள் வீட்டுக்குப் போகிறோம், ஊக்கையும் விரல் கவசத்தையும் எடுத்து வைத்துவிட்டேன். அவர் மகனுக்கு நானே தொலைபேசியில் சொல்வேன். பிறகு குட்ரன் வீடு. காலி ஆரத்தை அளந்து பார்த்தேன், அந்தப் பெயர் முழுதாக அடங்கும். ராஸ்க் அம்மாள் இனித் தைக்க மாட்டேன் என்றால் மார்லிஸ் தைப்பாள், கோணலாகத்தான் வரும், வரட்டும். இதில் ஒரு தாளையும் எடுக்காமல் அப்படியே உனக்கு அனுப்புகிறேன். ஆண்டவர் உன்னையும் பிள்ளையையும் காப்பாராக. வாளியைத் தூக்காதே. உன் தங்கைக்குத் தனியாக இரண்டு வரி எழுது.

உன் அம்மா
செல்மா