பிள்ளை ஏறப்போகும் மைனர்

ஒக்டோபர் 1, திங்கள்

மத்தியானத்திலிருந்து மழை. தோட்டத்து லொறிக்கு வேலை இல்லை. தோட்டத்துத் துரை கண்டிக்குப் போய்விட்டார். நல்லதாய்ப் போயிற்று.

என் பழைய மைனர் கார் நான்கு மரக்கட்டைமேல் நிற்கிறது. அடியில் இருந்தது எல்லாம் இப்போது குவார்ட்டர்ஸ் வராந்தாவில்:
பின் ஸ்பிரிங் பட்டை – 2 கட்டு
முன் சக்கரம் தாங்கும் முறுக்குக் கம்பி – 2
சைலன்சர், குழாய் – ஓட்டையோ ஓட்டை
துரு – சுமார் ஒரு மூட்டை

நாவுலையிலிருந்து மாமனார் கடிதம். எட்டாம் தேதி திங்கள், காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் நல்ல நேரமாம். சரசுவையும் பிள்ளையையும் அனுப்புவாராம். அதற்குக் கீழே: "வண்டிக்குள் புகை வந்தாலோ, போன மாதம் போல் தூக்கித் தூக்கிப் போட்டாலோ, பிள்ளையை ஏற்ற மாட்டேன். தை பிறந்த பிறகு பார்க்கலாம்."

தையா? பிள்ளைக்கு இன்றைக்கு நாற்பத்தாறு நாள். இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். பஸ்ஸில் கூட்டிவந்தால் என்ன என்று மனசு கேட்கிறது. சரசு பிரசவத்துக்குப் போகும்போது, "சொந்தக் கார்ல வந்து அழைச்சிட்டுப் போறேன்" என்று நாவுலை பஜாரே கேட்கச் சொன்னது யார்? நான்தான். வாய்க்கொழுப்பு.

3, புதன்

துரு சுரண்டி, மண்ணெண்ணெயில் கழுவி, திங்கள் சாயங்காலம் அடித்த கறுப்புப் பெயின்ட் இன்னும் கையில் ஒட்டுகிறது. எங்கே காயும், வானம் பொத்துக்கொண்டு கிடக்கிறது.

கொக்கோ காயவைக்கும் கொட்டில் ஞாபகம் வந்தது. அடியில் நெருப்பு, மேலே நல்ல சூடு. யாரும் இல்லாத நேரம் ஸ்பிரிங் பட்டைகளை ஓரமாகத் தொங்கவிட்டேன். இரண்டு மணி நேரத்தில் கல்போலக் காய்ந்துவிட்டது. அடுத்து முறுக்குக் கம்பிகளைத் தொங்கவிடும்போது, பெயின்ட் நாற்றத்துக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு கணக்கப்பிள்ளை வந்தார்.

"ஏய்யா டிரைவர், வாங்குற கொழும்புக்காரன் இந்தக் கொக்கோவ மோந்து பாத்தா என்னா சொல்லுவான்?"

"புள்ளைய கூட்டியாரணுங்க ஐயா."

முறைத்தார். பிறகு, "இன்னும் ஒரு மணி நேரந்தான். யாரும் பாக்காம எடுத்துரு" என்றார். அவருக்கு ஐந்து பெண்பிள்ளைகள்.

சாப்பாடு: அவித்த மரவள்ளி, தேங்காய். நேற்றும் அதே. சரசு இல்லாத வீடு சகிக்கவில்லை. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

4, வியாழன்

மாத்தளை போனேன். சைலன்சர் தயார். மஜீத் நானா, கராஜ் வைத்திருக்கிறவர், பால்மா டின்னை வெட்டி ஒட்டுப் போட்டு வெல்டிங் வைத்திருக்கிறார். ஒட்டு மட்டும் ஏழு. ஸ்பிரிங்குக்கான ரப்பர் புஷ் கடையில் எங்கே கிடைக்கிறது? பழைய லொறி டயரை அறுத்துச் செய்துவிட்டார். மனுஷன்.

நானா எச்சரித்தது: முறுக்குக் கம்பி இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் இருபது வருஷம் இடது கம்பி ஒரு பக்கமும் வலது மறுபக்கமும் முறுகி வேலை செய்தவை. "மாத்திப் போட்டா ஒரு நாளைக்கு ஓட்டத்துலயே உடையும் தம்பி."

தெரியாதா எனக்கு! கழற்றும்போதே பிரித்து வைத்தேன். இரண்டாம் கோட் காய்ந்ததும் சோக்கட்டியால் 'இ', 'வ' என்று எழுதியும் வைத்தேன். சைலன்சருக்கு சில்வர் பெயின்ட்.

5, வெள்ளி. ஆயுத பூஜை

என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

காலையில் குளித்து, சாமிப் படத்துக்கு முன்னால் சாக்கு விரித்தேன். ஸ்பேனர், ஜாக்கி, சுத்தியல், அரிவாள்மனை, கத்தரிக்கோல், கழற்றிய சாமான் எல்லாம் வரிசையாக வைத்தேன். சாமிக்கு வைப்பதைச் சுத்தமாக வைக்க வேண்டாமா? ஒவ்வொன்றையும் ஈரத்துணியால் பளிச்சென்று துடைத்தேன். சந்தனம், குங்குமம். சூடம் காட்டும்போதுதான் உறைத்தது.

'இ' எங்கே? 'வ' எங்கே?

இரண்டு கம்பியும் சந்தனப்பொட்டு வைத்துக்கொண்டு அண்ணன் தம்பிபோலப் படுத்திருக்கின்றன.

சாயங்காலம் நானா வந்தார். நடந்ததைச் சொன்னேன், சுண்டலைத் தின்றுகொண்டே கேட்டார். சிரித்தார். புரையேறி மறுபடி சிரித்தார்.

"கம்பிட முனையில கம்பெனிக்காரன் எழுத்து வெட்டி ஈக்கும். ஒங்கட பெயின்டுக்கு அடியில. சொரண்டிப் பாருங்க."

சுரண்ட எதுவுமில்லை. வீட்டிலுள்ள கத்தியெல்லாம் பூஜையில். விடியும்வரை எதையும் எடுக்கக் கூடாது. நானா கத்தி எடுக்கத் தன் பையைத் திறந்தார், சாமிப் படத்தைப் பார்த்தார், மூடிவிட்டார்.

"வாணாம். கம்பியும் பூஜையிலதானே ஈக்கி. காலையில வாறன்."

6, சனி

தூங்கவில்லை. விடிந்ததும் பூஜையைக் கலைத்தேன். முதல் கம்பி முனையைச் சுரண்டினேன். துரு தின்ற குழிதான். இரண்டாவதைச் சுரண்டினேன். இங்கிலீஷ் எழுத்து எல். லெஃப்ட்! ஒன்று தெரிந்தால் போதாதா? கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். சட்டையெல்லாம் சந்தனம்.

நானாவும் நானும் மாலைவரை பூட்டினோம். கார் தன் காலில் நிற்கிறது.

7, ஞாயிறு

ஸ்டார்ட். பத்து நிமிஷத்தில் அடியிலிருந்து குபுகுபுவென்று புகை. "ஐயோ, போச்சு!" என்று கத்திவிட்டேன்.

"புதுப் பெயின்ட் வேகுது தம்பி. ஒரு சுத்து ஓடினா நிண்டுடும்" என்றார் நானா.

யட்டவத்த ஊர்வரை போய்வந்தோம். பின் சீட்டில் வெள்ளைத் துணி ஒன்றை விரித்து, கண்ணாடியெல்லாம் ஏற்றி வைத்திருந்தோம். போகும்போது லேசாகப் பெயின்ட் வாடை, வரும்போது அதுவும் இல்லை. இறங்கி இரண்டுபேரும் துணியை முகர்ந்தோம். சோப்பு வாசம்.

8, திங்கள்

ஒன்பது அடிக்கும்போது நாவுலையில். மாமா வாசலில், தலைப்பாகையோடு. நேரே பின் சீட்டில் ஏறினார். கண்ணாடி நான்கையும் ஏற்றினார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க மாப்பிள்ள."

இருபது நிமிஷம். நின்ற வண்டியில், வியர்த்து ஊற்ற, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி உட்கார்ந்திருந்தார். பிறகு, "இப்ப ஓட்டுங்க" என்றார். ஊரிலுள்ள பள்ளமெல்லாம் அவரே கைகாட்டி இறக்கச் சொன்னார். மணி பத்தைத் தாண்டியது. பத்தரைக்கு எமகண்டம்.

வாசலில் இறங்கி வேட்டியை உதறினார். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "சரசு, புள்ளைய கொண்டாம்மா. நேரம் போவுது." என் பக்கம் திரும்பவில்லை. கண் கலங்கியிருந்தது என்று நினைக்கிறேன். பேத்தியைப் பிரிகிறார் அல்லவா.

வழியெல்லாம் பிள்ளை தூக்கம். நாலந்தை ஊரின் மலை வளைவுகளிலும் அசையவில்லை. கண்ணாடியில் பார்த்தால், சரசு சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

குவார்ட்டர்ஸ் வாசலில் நிறுத்தி இஞ்சினை அணைத்தேன். பிள்ளை கண்ணைத் திறந்து வீறிட்டாள். தோளில் போட்டாலும் நிற்கவில்லை, பால் கொடுத்தாலும் நிற்கவில்லை. பக்கத்து லயத்து வீட்டு ஆட்களெல்லாம் கூடிவிட்டார்கள்.

சரசு மறுபடி காரில் ஏறி உட்கார்ந்தாள்.

"என்னங்க பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? ஒங்க மகளுக்கு வண்டி ஓடணுமாம். எடுங்க."

எடுத்தேன்.