புதுப் பம்பும் ஜெசிந்தாவின்ரை செபமும்

சனிக்கிழமை. வெளியிலை மைனஸ் பதினொண்டு.

பிக்கப்புக்குப் பெரிய பம்ப் பூட்டியாச்சு. டாங்கியிலையிருந்து டீசலை இழுத்துக் குடுக்கிற பழைய பம்ப் இந்தக் குளிருக்குக் காணாது எண்டுதான் மாத்தினனான். பக்கத்து வீட்டு ரொம்மன்ரை கராஜுக்கை நாலு மணித்தியாலம் கிடந்தன். முடிச்சுப்போட்டுத் திறப்பைத் திருப்பினால் ஸ்டார்ட் வரேல்லை. மூண்டு தரம் திருப்பிப் பாத்திட்டுக் கோவத்திலை திறப்பை எறிஞ்சன்.

தேத்தண்ணியோடை வந்த மனிசி ஜெசிந்தா அதை எடுத்துக்கொண்டு ஏறி இருந்தா. அரைவாசி திருப்பிவிட்டு, கண்ணை மூடி, வழமைபோலை ஒரு அருள்நிறைந்த மரியே சொன்னா. பிறகு முழுக்கத் திருப்பினா. உடனை ஸ்டார்ட்.

"பாத்தியளே?" எண்டா.

திறப்பை அரைவாசி திருப்பினாலே பம்ப் ஓடும்; அவ செபம் சொன்ன நேரத்திலை அது ஓடி, பைப்புக்கை கிடந்த காத்தைத் தள்ளி டீசலை நிரப்பியிருக்கு. அவ ஓடின நாளுகளிலை பழைய பம்பும் கரைச்சல் குடுத்ததில்லை. ஏறின உடனை திருப்பிறது நான்தான். நல்ல பம்பைக் கழட்டிப்போட்டன். அவவுக்குச் சொல்லேல்லை.

அந்தச் செபம் எத்தினை செக்கன் எண்டு இப்ப மணிக்கூட்டைப் பாத்துச் சொல்லிப் பாத்தன். பாதியிலை நிண்டிட்டன். மிச்சம் ஞாபகம் வரேல்லை. அவவை எழுப்பிக் கேக்கவும் ஏலாது.