செங்கொடியைத் தாண்டிப் போன கேள்விகள்

அன்பு அக்கா,

நீ கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. பாடக்குறிப்பு எழுதியே பழகிய கை. வரிசை போடாமல் எனக்குக் கடிதமும் வராது. சிரிக்காதே.

1. செங்கொடி பள்ளிக்கு வராமல் நின்றது.
2. முந்திரிச் சீசன் அவளை நிறுத்தியது.
3. உன்னிடம் கேட்க வேண்டியது.

செங்கொடி என் ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பெண். எழுந்து நின்றாலே குரல் நடுங்கும். கூச்சமுள்ள பிள்ளையை நெருக்கக் கூடாது என்று பயிற்சிக் கல்லூரியில் உளவியல் படித்தபோது மனதில் தைத்தது. நானும் அப்படிப்பட்ட பையனாக இருந்தவன்தானே? ஜூனிலிருந்து அவளிடம் ஒரு கணக்குகூடக் கேட்கவில்லை. ‘அமைதியாக இருக்கிறாள், முன்னேற்றம்’ என்று நோட்டில் எழுதிவைத்தேன்.

முழுஆண்டுத் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில் நின்றுவிட்டாள். ஆண்டிமடம் பஸ் ஏறி, விசாரித்துக்கொண்டு போனேன். கொட்டையின் பால் பட்டுப் புண்ணாகாமலிருக்கக் கையில் சாம்பல் பூசி, அம்மாவோடு முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.

“பரீட்சை வரைக்குமாவது அனுப்பிவைங்கம்மா” என்றேன்.

“நான் எங்க சார் நிறுத்துனேன்? இதுதான் போவமாட்டேங்குது. சாரு என்னிய மக்குன்னு தலமுழுவிட்டாருங்குது.”

“நான் ஒரு வார்த்தை திட்டலியேம்மா?”

செங்கொடி நிமிராமலே சொன்னாள்: “அதான் சார். எல்லாரையும் திட்டுறீங்க. என்னிய மட்டும் தாண்டிப் போயிடுறீங்க.”

முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் எவ்வளவு என்று அங்கேயே கேட்டேன். “முந்நூத்தி அறுவது” என்றாள். தப்பு என்றேன். என் குரல்தான் நடுங்கியது.

அவள் அம்மா சிரித்துவிட்டாள். “பாருடி, சாரு ஒன்னியும் திட்டிட்டாரு. நாளைக்கிக் கௌம்பு!”

வந்தாள், அக்கா. அந்தத் தைரியத்தில், அவள் பக்கத்தில் உட்காரும், வாயே திறக்காத இன்னொரு பெண்ணையும் எழுப்பிக் கேட்டேன். அது அழுதுவிட்டது. இன்று வரவில்லை.

ஜெயங்கொண்டத்தில் முப்பது வருடம் மூன்றாம் வகுப்பு எடுத்தாயே, யாரை எழுப்பலாம், யாரை விடலாம் என்று உனக்கு எப்படித் தெரிந்தது? “ஏண்டா, புள்ளைய பாக்குறியா, நோட்ட பாக்குறியா?” என்று கிண்டல் செய்வாய். பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்? அடுத்த ஆண்டு நான் ஓய்வு பெறுகிறேன். இன்னும் பார்க்கத் தெரியவில்லையா எனக்கு?

நாளை அந்தப் பெண்ணின் வீட்டுக்கும் போவேன். “உன்னிடம் கேள்வி கேட்கவா, வேண்டாமா?” என்று அவளிடமே கேட்பேன்; இது உனக்குத் தரும் வாக்கு. அதற்கும் அழுதால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

மேலே இரண்டாவதாக எழுதியது தவறு, அக்கா. செங்கொடியை நிறுத்தியது முந்திரி இல்லை. நான்தான்.

உன் கூடப் பிறந்தவன்,
தம்பி