கத்தரி மூலை மண்

ஜனவரி 14, புதன். போகி.

காலை முழுவதும் புகை. எதிர்வீடு தெரியவில்லை. என் பலகைகளை எரித்துவிட்டார்கள். இருபத்து நான்கு பலகை, நான்கு சாக்கு காய்ந்த இலைத்தூள். கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்கத் தாம்பரம் மார்க்கெட் போய்த் திரும்புவதற்குள்.

பழைய மரம் அல்ல. உருளைக்கிழங்குப் பெட்டிகளை உயர்த்த வைத்திருந்தது. ஒரு அடுக்குப் பலகையில் தொடங்கி, செடி வளர வளர மேலே அடுக்கு ஏற்றி, தண்டு மூடும்படி மண்ணும் இலைத்தூளும் போட வேண்டும். மூடாவிட்டால் கிழங்கு வெளியே தெரிந்து, வெயில் பட்டுப் பச்சையாகும். பச்சைக் கிழங்கு விஷம். மூன்று பெட்டி, பதினெட்டுச் செடி, நட்டு ஐம்பது நாள். இந்த வாரம்தான் ஏற்ற வேண்டிய வாரம்.

முரளிக்கு எல்லாம் தெரியும். என் மகன். பின்பக்க இடத்தில் சிமெண்ட் போட்டுக் கார் நிறுத்த வேண்டும் என்று இரண்டு வருடமாகப் பிடிவாதம். கார்த்திகையில் பேசி முடித்தோம். ஒரு கூடை நல்ல கிழங்கு எடுத்துக் காட்டினால் நான் இருக்கும்வரை அந்த மண்ணைத் தொட மாட்டான். காட்டாவிட்டால் சிமெண்ட். "மெட்ராஸ் வெயில்ல உருளைக்கிழங்கா? சரிம்மா, ஒரு கூடை காட்டு, பாப்போம்."

இன்று கேட்டேன். "ரேகா தெரியாம போட்டிருப்பா, விடும்மா. போகிக்குப் பழசை எரிக்கிறதுதானே."

ரேகா, மருமகள், பால் பொங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜனவரி 15. பொங்கல்.

நல்ல வெயில். பொங்கல் வைத்தாயிற்று. யாரோடும் பேசவில்லை. ரேகாவோடு முக்கியமாக.

வடையில் உப்பு கூட.

ஜனவரி 18, ஞாயிறு.

தண்டுகள் சாய்ந்துவிட்டன. இரண்டாம் பெட்டியில் இரண்டு கிழங்கு வெளியே தெரிகிறது, மேல்பக்கம் லேசான பச்சை. கையால் மண் தள்ளி மூடினேன். மறுபடி சரிகிறது.

ஊரப்பாக்கம் நர்சரிக்குப் போய் உரமண் வாங்கலாம் என்று கிளம்பினேன். ஊருக்குப் போன கூட்டம் திரும்புகிறது, பெருங்களத்தூரில் வண்டி நகரவில்லை. ஆட்டோக்காரர்: "ஊரப்பாக்கமா? இன்னிக்கு நீ நடந்து போனாதான்மா சீக்கிரம்." நர்சரிக்குப் போன் செய்தால் புதன்கிழமைதான் திறப்பார்களாம்.

புதன்வரை காத்திருக்க முடியாது. என் கட்டிலைக் கழற்றினேன். ஆறு பலகை, இரண்டாக அறுத்தால் பன்னிரண்டு, ஒரு அடுக்குக்குச் சரி. ரம்பம் பிடிக்க எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அறுபத்தாறு வயதில் நானே பழகியது. முரளி மாடியிலிருந்து பார்த்தான். இறங்கி வரவில்லை.

மண் கிணற்றடி மூலையிலிருந்து. போன வருடம் கத்தரிச்செடிகள் வாடிச் செத்த இடம். மண் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பதினாறு சட்டி சுமந்தேன்.

இடுப்பு. தைலம். பாய்.

ஜனவரி 19, திங்கள்.

பனி. கண்ணியம்மா இன்றுதான் வேலைக்கு வந்தாள். காணும் பொங்கலுக்குக் கோவளம் போனார்களாம், கூட்டத்தில் கடலே தெரியவில்லையாம். என் அறையைப் பெருக்க வந்தவள் நின்றுவிட்டாள்.

"கட்டில் எங்கமா?"

காட்டினேன்.

"கட்டிலக் கழட்டி கிழங்குக்குப் போட்ட மாமியார இப்பதாம்மா பாக்கறேன்." சிரித்தாள். பிறகு குரலை இறக்கி: "ரேகாம்மா மேல கோவப்படாத. அது பாவம், ஒண்ணும் பண்ணல. சார்தான் பலகைய தூக்கியாந்து நெருப்புல போட்டாரு. அம்மா பத்திரமா வச்சுகினு கீறாங்களே சார்னு நான் கேட்டேன். அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்னாரு."

"அவன் கையாலயா?"

"அவர் கையாலதான். நான் சொன்னேன்னு சொல்லிடாதமா. வேலை போயிடும்."

ஐந்து நாளாக ரேகா வைத்த காபியைத் தொடாமல் இருந்திருக்கிறேன். அவளும் வாய் திறக்கவில்லை. புருஷனுக்காக.

காபி குடித்தேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்.

செடி நன்றாக ஏறிவிட்டது. கரும்பச்சை. எதிர்வீட்டுக்காரர்: "அக்கா, ஊட்டியைக் கொண்டாந்து இறக்கிட்டீங்க!" முரளி காதில் விழும்படி இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

பிப்ரவரி 9, திங்கள்.

மதியம் முதல் பெட்டியில் நான்கு செடி தலை தொங்கிக் கிடந்தது. இலை பச்சையாகவே இருக்கிறது, மண்ணில் ஈரமும் இருக்கிறது. சாயங்காலம் நிமிர்ந்தன.

கத்தரியும் இப்படித்தான். மதியம் தொங்கும், சாயங்காலம் நிமிரும். ஒரு வாரம்.

பிப்ரவரி 11, புதன்.

நிமிரவில்லை. மூன்று பெட்டியும்.

ஒரு தண்டை அறுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்தினேன். ஐந்து நிமிடம். அறுத்த இடத்திலிருந்து வெள்ளை நூல்போல ஒன்று இறங்கியது. வாடல் நோய். மண்ணில் இருந்து வருவது. கத்தரிக்கு வருவதும் அதே.

பதினாறு சட்டி. என் தலையில்தான் சுமந்தேன்.

இலைத்தூள் இருந்திருந்தால் அந்த மூலைக்குப் போயிருக்க மாட்டேன். அது உண்மை. கத்தரி செத்த இடம் என்று தெரிந்தே அள்ளினேன். அதுவும்.

டம்ளரை ரேகா கழுவப் போனாள். "அத்தை, இதுல என்ன?" ஒன்றுமில்லை என்றேன்.

பிப்ரவரி 14, சனி.

மேகமூட்டம். மூன்று பெட்டியும் பிரித்தாயிற்று. கூடையில் கால்வாசி இல்லை. அதிலும் பாதிக் கிழங்குக்கு முளைக்கண்களில் சீழ் கசிகிறது. வெட்டினால் உள்ளே பழுப்பு வளையம். நல்லது பதினொன்று, பெரியது எலுமிச்சை அளவு.

முரளி கூடையைப் பார்த்தான். குரல் மெதுவாகத்தான் வந்தது. "நான்தான் அப்பவே சொன்னேன்லம்மா, இந்த வெயிலுக்கு வராதுன்னு. மேஸ்திரிய திங்கக்கிழமை வரச் சொல்லவா?"

வெயில் இல்லை காரணம். சொல்லவில்லை. "வரச் சொல்லு" என்றேன். பேச்சு பேச்சுதான்.

ஆனால் அதற்கு முன் ஆக வேண்டியவை:

நோய்ச்செடி, அழுகல் கிழங்கு: நான். சாக்கில் கட்டிக் குப்பை வண்டிக்கு. உரக்குழியில் ஒரு இலைகூட விழக்கூடாது.

மண்வெட்டி, ரம்பம், கை: நான். வெந்நீரில்.

நல்ல கிழங்கு பதினொன்று: ரேகா. அவள் இஷ்டம்போல் சமைக்கட்டும். முதலில் அவள் சாப்பிட வேண்டும்.

ரேகாவிடம் மன்னிப்பு: நான். நாளைக் காலை, காபி கொடுக்கும்போதே.

கண்ணியம்மா: ஒன்றும் செய்ய வேண்டாம். அவள் பெயர் என் வாயில் வராது.

முரளி: பலகையைத் தூக்கிப் போட்டது தான்தான் என்று சொல்ல வேண்டும். தானாக. ரேகா எதிரில், என் முகத்தைப் பார்த்து.

மேஸ்திரி: அதுவரை வாசலில் நிற்கட்டும். பின்பக்கம் நடுவில் நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருப்பேன்.

கத்தரி மூலை மண்ணைப் பற்றிச் சொல்வது: நான். அவன் சொன்ன பிறகு. முன்னால் இல்லை.